முதுகு மச்சம் உருமாறுகிறது: பார்லரில் எடுக்கலாமா, டாக்டரிடம் போகலாமா?

செம்பூர்வாசி | ஜூன் 9, இரவு 10:40

எல்லாருக்கும் வணக்கம். மும்பையில் இருக்கும் நம்மவர்கள் யாராவது மச்சம் எடுத்திருந்தால் கொஞ்சம் வழி சொல்லுங்கள்.

எனக்கு முப்பத்தாறு வயது. முதுகில் வலது பக்கம், ஜாக்கெட்டின் பின்கழுத்து விளிம்பு உரசும் இடத்தில் ஒரு மச்சம். சின்ன வயதிலிருந்தே உண்டு. பள்ளிக்கூட டிசியில் எனக்கு அங்க அடையாளமே அதுதான். மிளகு அளவில், உருண்டையாக, ஒரே கறுப்பாக இருக்கும். போன மாதம் எனக்கு எண்ணெய் தேய்த்துவிட்ட மகள், "அம்மா, உன் மச்சத்துக்கு வால் முளைச்சிருக்கு" என்றாள். ஏதோ விளையாடுகிறாள் என்று விட்டுவிட்டேன். இரண்டு நாள் கழித்து என் கணவர் பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்துப் போனில் படம் எடுத்துக் காட்டினார். அவள் சொன்னது உண்மைதான். ஒரு பக்கம் உருண்டை அப்படியே இருக்கிறது. இன்னொரு பக்கம் பழுப்பாகக் கசிந்து இறங்கியிருக்கிறது, மை ஊறின காகிதம் மாதிரி. கல்யாண ஆல்பத்தை எடுத்து நலங்குப் படத்தில் தேடினோம். 2014-இல் அந்த வால் இல்லை. இப்போது அடிக்கடி அரிக்கவும் செய்கிறது.

எங்கள் கட்டடத்துக்குக் கீழே ஒரு பார்லர் இருக்கிறது. அங்கே காட்டினால், மிஷின் வைத்து இரண்டு நிமிடத்தில் எரித்துவிடலாம், ஐநூறு ரூபாய் என்கிறார்கள். தென்காசியில் இருக்கும் மாமியாரோ, "முதுகு மச்சம் குடும்பத்தைத் தாங்கும். அதுல கத்தி பட்டா புத்து வச்சிரும், தொடவே தொடாத" என்று போனில் அழுகிறார். எனக்கு இரண்டுமே பயமாக இருக்கிறது. தோல் டாக்டரிடம் போவதா, சர்ஜனிடம் போவதா? வலிக்குமா? தழும்பு எப்படி இருக்கும்?

மாட்டுங்கா மாமி | ஜூன் 9, இரவு 11:15

குழந்தே, முதலில் பார்லரை மறந்துவிடு. எனக்கு இரண்டு கன்னத்திலும் கடுகு தூவினாற்போல் சின்னச் சின்னதாகக் கறுப்பு மொட்டுகள். எங்கள் அம்மாவுக்கும் இருந்தது, அக்காவுக்கும் இருக்கிறது. அவற்றை எடுத்தேன்தான். ஆனால் தோல் டாக்டர் லென்ஸ் வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்து, இது மச்சமே இல்லை, நம் நிறத்துக்காரர்களுக்குக் குடும்பத்தோடு வரும் ஒரு வகை மருதான், கெடுதல் இல்லை என்று சொன்ன பிறகுதான் சுட்டு எடுத்தார். உன்னுடையது மாறிக்கொண்டிருக்கும் மச்சம். அதுவும் இதுவும் ஒன்றில்லை.

டோம்பிவிலி லோக்கல் | ஜூன் 10, காலை 8:05

மாமி சொல்வதை அப்படியே கேளுங்கள் அக்கா. எனக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

எனக்குக் கழுத்தில், சட்டைக் காலர் படும் இடத்தில் ஒரு மச்சம் இருந்தது. ஷேவ் செய்யும்போதெல்லாம் கீறி ரத்தம் வரும். 2022-இல் ஸ்டேஷன் பக்கத்தில் பளபளவென்று இருந்த ஒரு கிளினிக்கில் லேசர் போட்டு எடுத்தேன். பதினைந்து நிமிடத்தில் முடிந்தது. பயாப்சி என்ற பேச்சே வரவில்லை. எனக்கும் கேட்கத் தெரியவில்லை.

எட்டு மாதம் கழித்து அந்தத் தழும்புக்குள்ளேயே பழுப்பாக ஒன்று தலைகாட்டியது. முன்பு போல உருண்டையாக இல்லை, கோடும் புள்ளியுமாகக் கலைந்து கிடந்தது. வேறொரு தோல் டாக்டரிடம் போனேன். பார்த்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "முதலில் எடுத்தபோது பயாப்சி ரிப்போர்ட் என்ன சொன்னது?" இல்லை என்றேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் இருந்தார். அப்புறம் பொறுமையாக விளக்கினார். மச்சம் பாதி வெந்து வேர் மிச்சம் இருந்தால் மறுபடி வரும். அப்படி வருவது மைக்ராஸ்கோப்பில் புற்றுநோய் மாதிரியே தோன்றும். முதலில் எடுத்த சதை எங்காவது பத்திரமாக இருந்தால் இரண்டையும் ஒப்பிட்டுச் சொல்லிவிடலாம். என்னுடையது புகையாகப் போய்விட்டது.

வெட்டி எடுத்து அனுப்பினார்கள். லேப் டாக்டர் சந்தேகப்பட்டு, சதையைச் சீவி வைத்த கண்ணாடிச் சில்லுகளை இன்னொரு நிபுணரிடம் காட்டச் சொன்னார். முடிவு வர பத்தொன்பது நாள். அந்த நாட்களில் மாலை ஆறரை லோக்கலில் நின்றுகொண்டு, பெண்ணுக்கு எத்தனை வயதில் கல்யாணம் ஆகும், நான் அதுவரை இருப்பேனா என்று கணக்குப் போட்டிருக்கிறேன். கடைசியில் சாதாரண மச்சம்தான் திரும்ப வந்திருக்கிறது என்று ரிப்போர்ட் வந்தது. அந்தப் பத்தொன்பது நாள் யாருக்கும் வர வேண்டாம். எடுத்ததை லேபுக்கு அனுப்புகிறவரிடம் மட்டும் போங்கள்.

வெள்ளைக்கோட்டு | ஜூன் 10, பகல் 1:30

நான் தோல் மருத்துவர். இங்கே ஒரு பொது மருத்துவமனையில் வேலை. படம் போட வேண்டாம் சகோதரி, போட்டாலும் அதை வைத்து நான் எதுவும் சொல்ல மாட்டேன். நேரில்தான் பார்க்க வேண்டும். ஆனால் நீங்கள் எழுதிய விவரமே போதும், இந்த வாரத்துக்குள் போய்விடுங்கள்.

1985-இல் நியூயார்க் பல்கலைக்கழக மருத்துவர்கள், சந்தேகப்பட வேண்டிய மச்சத்தை அடையாளம் காண ஏ, பி, சி, டி என்று நான்கு எழுத்தில் ஒரு நினைவுக் குறிப்பு கொடுத்தார்கள். ஒரு பாதி மறுபாதியைப் போல இல்லாதது, விளிம்பு கலைந்து ஓடுவது, ஒன்றுக்கு மேற்பட்ட நிறம், ஆறு மில்லிமீட்டருக்கு மேல் அகலம். ஆறு மில்லிமீட்டர் என்பது பென்சில் முனை ரப்பரின் அகலம். 2004-இல் ஐந்தாவதாக இ சேர்ந்தது: மாற்றம். என் அனுபவத்தில் இந்த ஐந்தாவதுதான் மற்ற நான்கையும் விடப் பெரியது. ஆண்டுக்கணக்காக ஒரே மாதிரி இருந்த மச்சம் சில மாதங்களில் வடிவம், நிறம் மாறினால், அரித்தால், ரத்தம் கசிந்தால், அளவு சின்னதாக இருந்தாலும் காட்ட வேண்டும். இன்னொன்று, உங்கள் உடம்பில் இருக்கும் மற்ற மச்சங்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பத்து மச்சம் ஒரு ஜாடையில் இருக்க, ஒன்று மட்டும் வேறு ஜாடையில் இருந்தால் அதன்மேல் கண் வைக்க வேண்டும்.

பயப்படுத்தச் சொல்லவில்லை. பெரியவர்கள் உடம்பில் பத்து முதல் நாற்பது மச்சம் வரை இருப்பது சகஜம். அநேகமாக எல்லாமே ஆயுளுக்கும் ஒன்றும் செய்யாது. பருவ வயதிலும் கர்ப்ப காலத்திலும் கொஞ்சம் கறுப்பதும் உண்டு. மெலனோமா என்கிற மச்சப் புற்று இந்தியாவில் அரிது. அரிது என்பதாலேயே யாருக்கும் அந்த நினைப்பு வருவதில்லை, வரும்போது முற்றிப்போய் வருகிறார்கள். அதுதான் என் வருத்தம்.

கத்தி பட்டால் புற்று வைக்கும் என்று உங்கள் மாமியார் சொல்வதை ஊரெல்லாம் சொல்கிறார்கள். அது எங்கிருந்து வந்திருக்கும் என்று எனக்குப் புரிகிறது. ஏற்கெனவே புற்றாக இருந்ததை அரைகுறையாக வெட்டியோ சுட்டோ விட்டிருப்பார்கள், பரிசோதனை கிடையாது, ஒரு வருடத்தில் அது நெறிகட்டிப் பரவியிருக்கும். பார்த்தவர்களுக்குக் கத்திதான் காரணமாகத் தெரிந்திருக்கும். சாதாரண மச்சத்தை வெட்டினால் அது புற்றாக மாறாது. இதை அவரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள், அவர் பயப்படுவது உங்கள்மேல் இருக்கும் பாசத்தால்தான்.

முதலில் தோல் டாக்டர். மச்சத்தைப் பெரிதாக்கிப் பார்க்கும் டெர்மாஸ்கோப் லென்ஸ் வைத்திருப்பவரா என்று போனில் கேட்டுவிட்டே போங்கள். கே.இ.எம்., சயான், நாயர் மூன்று மாநகராட்சி மருத்துவமனைகளிலும் தோல் பிரிவு இருக்கிறது. காலையில் சீக்கிரம் போய் கேஸ் பேப்பர் என்கிற நோயாளிச் சீட்டு எடுத்துவிட்டால் போதும்.

மாட்டுங்கா மாமி | ஜூன் 10, மாலை 4:10

மாநகராட்சி ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களுக்கு ஒரு விஷயம். மச்சத்துக்கு இந்தியில் தில், மராத்தியில் தீள். இரண்டுக்கும் எள் என்றும் பொருள். மருவுக்கு இந்தியில் மஸ்ஸா, மராத்தியில் சாம்கீள். வரிசையில் நின்று சொல்லும்போது இது மாறிப்போனால் எழுதுவதும் மாறிப்போகும்.

தொண்ணூறடிச் சாலை | ஜூன் 10, இரவு 9:50

நான் தாராவி. டாக்டர் அம்மா சொன்ன "முற்றிப்போய் வருகிறார்கள்" என்ற வரியைப் படித்ததும் கை நிற்கவில்லை, அதனால் எழுதுகிறேன்.

எங்கப்பா முப்பது வருடம் தலையில் அலுமினியப் பாத்திரம் சுமந்து மாஹிம், மாட்டுங்கா என்று இட்லி விற்றவர். 2018-இல் இடது குதிகாலில் கறுப்பாக ஒன்று வந்தது. கால் ஆணி என்றார். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். பக்கத்துத் தெருவில் பார்த்த டாக்டரும் அதையே சொல்லி, ஆணிக்கு ஒட்டுகிற வட்டப் பிளாஸ்திரி எழுதிக்கொடுத்தார். தோல் வெந்து உரியும், அடியில் மறுபடி கறுப்பு. பிளேடால் சீவிவிடுவார். பதினான்கு மாதம் இப்படியே போனது. ஊர்ப்பக்கத்துப் பெரியவர் ஒருவர், உள்ளங்காலில் மச்சம் வந்தால் வெளிநாட்டுப் பயணம் என்று சொல்லியிருக்கிறார். அப்பா அதைச் சந்தோஷமாக என்னிடம் சொன்னார்.

ஒரு நாள் செருப்பில் ரத்தம் ஊறியிருந்தது. சயானுக்குக் கூட்டிப்போனேன். அங்கே ஓர் இளம் டாக்டர், படித்துக்கொண்டிருக்கும் பெண், காலை மடியில் வைத்துக்கொண்டு லென்ஸால் பார்த்தார். ஓரத்திலிருந்து சின்னத் துண்டு எடுத்து அனுப்பினார். அடுத்த வாரம் பரேல் டாட்டா புற்றுநோய் மருத்துவமனைக்கு எழுதிக்கொடுத்தார்கள். கட்டியின் தடிமன் 3.1 மில்லிமீட்டர். தோலுக்குள் எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்பதுதான் இந்த நோயில் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது என்று அங்கேதான் தெரிந்துகொண்டேன். சுற்றி இரண்டு சென்டிமீட்டர் விட்டுக் குதிகாலில் வெட்டி, தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டினார்கள். நீலச் சாயம் ஊசி போட்டு, புற்று பரவினால் இடுப்பு மடிப்பில் முதலில் போய்ச் சேரும் நெறி எது என்று கண்டுபிடித்து அதையும் எடுத்துப் பார்த்தார்கள். அதில் ஒன்றும் இல்லை. அப்பா இன்று எங்களோடு இருக்கிறார். இட்லிப் பாத்திரம் மட்டும் இல்லை. குதிகால் ஊன்ற முடியாது.

அப்பாவுக்கு அந்த இடத்தில் வெயிலே பட்டதில்லை. அதை என்னால் இன்னும் விட முடியவில்லை. வெயிலால் வருவது, வெள்ளைக்காரர்களுக்கு வருவது என்று படித்திருந்தேன்.

வெள்ளைக்கோட்டு | ஜூன் 11, காலை 7:20

தம்பி, அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

நீங்கள் சொன்னது எல்லாரும் படிக்க வேண்டிய விஷயம். தோலில் கறுப்பு நிறமி அதிகம் உள்ள நமக்கு வெயிலிலிருந்து நல்ல பாதுகாப்பு உண்டு. அதனால் மெலனோமா நமக்கு வரும்போது வெயில் படாத உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி ஆகிய இடங்களில் வருவது அதிகம். பாப் மார்லிக்கு 1977-இல் கால் பெருவிரல் நகத்தடியில் வந்தது இதே வகைதான். பந்து விளையாடும்போது பட்ட அடி என்று முதலில் நினைத்திருந்தார்கள். 1981-இல் முப்பத்தாறு வயதில் இறந்தார்.

நகத்தில் நீளவாக்கில் கறுப்புக் கோடு பல விரல்களில் இருப்பது நம் நிறத்தில் இயல்பு. ஒரே விரலில் மட்டும் புதிதாக வந்து அகலமாகிக்கொண்டே போனாலோ, நகத்தை ஒட்டிய தோலிலும் கறுப்பு ஏறினாலோ காட்ட வேண்டும். கால் ஆணி என்று நினைப்பது வாரக்கணக்கில் ஆறாமல், கறுப்பாக இருந்தால் பிளாஸ்திரி ஒட்டுவதை நிறுத்திவிட்டு வாருங்கள்.

நாட்டு மருந்துப் பெட்டி | ஜூன் 11, காலை 11:45

எல்லாரும் ஆஸ்பத்திரியையே சொல்கிறீர்கள். எங்கள் பக்கம் சுண்ணாம்பும் சவர்க்காரமும் குழைத்து வைத்தால் மூன்றாம் நாள் உதிர்ந்துவிடும். தொங்குகிற மருவுக்குத் தலைமுடியால் முடிச்சுப் போடுவோம். என் பாட்டி எத்தனையோ பேருக்குச் செய்திருக்கிறார், ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பத்தாயிரம் செலவு செய்ய முடியாதவர்கள் என்ன செய்வார்கள்?

வெள்ளைக்கோட்டு | ஜூன் 11, பகல் 2:00

ஐயா, செலவைப் பற்றி நீங்கள் கேட்டது நியாயமான கேள்வி. அதனால்தான் மாநகராட்சி மருத்துவமனைகளைச் சொன்னேன். அங்கே ஆகும் செலவு மிகக் குறைவு.

பாட்டி கைராசிக்காரராக இருந்திருக்கலாம். கழுத்தில் காம்போடு தொங்கும் பாலுண்ணி ரத்த ஓட்டம் நின்றால் உதிரத்தான் செய்யும். சீழ் வைத்தால் சிரமம், மற்றபடி அது அபாயமான பொருள் இல்லை. மச்சம் அப்படி இல்லை. அதன் நிறமிச் செல்கள் தோலுக்குள் ஆழமாக உட்கார்ந்திருக்கும். சுண்ணாம்பும் காரமும் மேலே தெரிகிற கறுப்பைத்தான் அரிக்கும். புண் ஆறித் தழும்பு மூடிவிடும், அடியில் என்ன நடக்கிறது என்று யாராலும் பார்க்க முடியாது. முந்திரிக்கொட்டை எண்ணெய் வைத்துக் கன்னம் வெந்து வந்தவர்களை நானே பார்த்திருக்கிறேன். இணையத்தில் விற்கும் மச்சம் நீக்கும் களிம்புகளும் பெரும்பாலும் அமிலம்தான்.

முகத்தில் இன்னொரு சங்கதியும் உண்டு. மூக்கோரத்தில், கண்ணுக்குக் கீழே பளபளப்பான கறுப்பு மொட்டாக வந்து, நடுவில் சின்னதாகப் புண்ணாகி ஆறாமல் இருப்பது வேறொரு தோல் புற்று. நம் நிறத்தில் அது கறுப்பாக இருப்பதால் மச்சம் என்றே நினைப்பார்கள். மெதுவாக வளரும், சரியாக எடுத்தால் குணமாகும். சுண்ணாம்பு வைத்தால் அடியில் பரவிக்கொண்டே போகும்.

நாட்டு மருந்துப் பெட்டி | ஜூன் 11, மாலை 6:30

சரி அம்மா. மருவையும் மச்சத்தையும் நாங்கள் ஒன்றாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். தங்கச்சி, நீங்கள் டாக்டரிடமே போங்கள்.

செம்பூர்வாசி | ஜூன் 14, இரவு 9:00

எல்லாருக்கும் நன்றி. தொண்ணூறடிச் சாலை அண்ணா எழுதினதைப் படித்துவிட்டு அன்றைக்கு நான் தூங்கவே இல்லை. அதனால்தான் தள்ளிப்போடாமல் போனேன்.

தோல் டாக்டர் முதலில் அந்த ஒன்றை மட்டும் பார்க்கவில்லை. திரைக்குப் பின்னால் தலை உச்சியிலிருந்து ஆரம்பித்து, காதுக்குப் பின்னால், விரலிடுக்கு, உள்ளங்கால் வரை பார்த்தார். அப்புறம்தான் முதுகுக்கு வந்தார். டெர்மாஸ்கோப் என்பது டார்ச் போலக் கையில் பிடிக்கிற சின்ன லென்ஸ். பத்து மடங்கு பெரிதாகக் காட்டுமாம். தோலில் துளி ஜெல் வைத்து அழுத்தினார், குளிர்ச்சியாக இருந்தது. திரையில் என் மச்சத்தைக் காட்டினார். பழைய உருண்டைப் பக்கம் தேன்கூடு மாதிரி சீரான வலை. வால் பக்கம் அந்த வலை அறுந்து, கட்டம் பெரிதும் சிறிதுமாக, ஓரத்தில் கறுப்புப் புள்ளிகள். "கெட்டது என்று சொல்ல மாட்டேன். நல்லது என்று சொல்லி அனுப்பவும் மாட்டேன். முழுசாக எடுத்துப் பார்த்துவிடுவோம்" என்றார். சுரண்டி எடுக்கக் கூடாது, லேசர் கூடாது, முழு ஆழத்துக்கும் சுற்றி இரண்டு மில்லிமீட்டர் விட்டு எடுக்க வேண்டும் என்று எழுதி, பிளாஸ்டிக் சர்ஜனிடம் அனுப்பியிருக்கிறார். இருபதாம் தேதி.

எனக்குக் காது குத்தின இடத்தில் தழும்பு தடித்திருக்கிறது. முதுகிலும் அப்படி ஆகுமா? அப்புறம் டிசியில் இருக்கும் அங்க அடையாளம்? அதை எடுத்துவிட்டால் பின்னால் ஏதாவது சிக்கல் வருமா?

டோம்பிவிலி லோக்கல் | ஜூன் 14, இரவு 10:20

அடையாளத்தைப் பற்றிக் கவலை வேண்டாம் அக்கா. மச்சம் இருந்த இடத்தில் தழும்பு இருக்கும், அதுவே இனி அடையாளம். ஆபரேஷன் குறிப்பையும் பயாப்சி ரிப்போர்ட்டையும் டிசியோடு ஒரே உறையில் போட்டு வையுங்கள். நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன். இனிமேல் ஏதாவது படிவத்தில் கேட்டால் தழும்பை எழுதுங்கள்.

மெடிக்ளெய்ம் இருந்தால் முன்கூட்டியே கேளுங்கள். அழகுக்காக எடுப்பது என்றால் பாலிசிகளில் கிடைக்காது. சந்தேகத்தின்பேரில் எடுக்கிறோம் என்று டாக்டர் எழுதின சீட்டு கையில் இருக்கட்டும்.

வெள்ளைக்கோட்டு | ஜூன் 15, காலை 6:50

காது தடித்ததைச் சர்ஜனிடம் கட்டாயம் சொல்லுங்கள். நெஞ்சு, தோள், மேல்முதுகு, காது மடல் ஆகிய இடங்களில் தழும்பு தடிப்பது நம்மவர்களுக்கு அதிகம். தெரிந்திருந்தால் ஆரம்பத்திலேயே சிலிகோன் ஜெல், தேவைப்பட்டால் ஊசி என்று கவனித்துவிடலாம். ஆனால் தழும்புக்குப் பயந்து சந்தேகமான மச்சத்தை விட்டுவைக்கக் கூடாது. அழகுக்காக நெஞ்சில் மச்சம் எடுக்க வருகிறவர்களிடம் நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன். மச்சம் போய் அதைவிடப் பெரிய தழும்பு மிஞ்சும்.

ரத்தம் இளக்கும் மாத்திரை, சர்க்கரைக்கு மாத்திரை, பேஸ்மேக்கர் எது இருந்தாலும் முன்பே சொல்ல வேண்டும். படிக்கிற மற்றவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன், ஆஸ்பிரினை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

செம்பூர்வாசி | ஜூன் 21, பகல் 12:10

நேற்று முடிந்தது. பயந்த அளவுக்கு ஒன்றுமே இல்லை என்பதால் விவரமாக எழுதுகிறேன், யாருக்காவது உதவும்.

குப்புறப் படுக்கச் சொன்னார்கள். சர்ஜன் ஊதா நிறப் பேனாவால் மச்சத்தைச் சுற்றி மாவடு வடிவத்தில் கோடு போட்டார். வட்டமாக வெட்டினால் தைக்கும்போது இரண்டு முனையும் குமிழ் மாதிரி தூக்கிக்கொள்ளுமாம், அதனால் அகலத்தைப் போல மூன்று பங்கு நீளம். ஐந்து மில்லிமீட்டர் மச்சத்துக்கு மூன்று சென்டிமீட்டர் கோடு ஏன் என்று நானும் கேட்டிருந்தேன். கண்ணாடியில் அந்தக் கோட்டைப் பார்த்த பிறகுதான் புரிந்தது.

மரத்துப்போக ஊசி. உண்மையைச் சொல்கிறேன், அதுதான் வலி, அதுவும் பத்து எண்ணுவதற்குள். நெருப்புத் துளி தோலுக்குள் பரவுவது போல எரிந்தது, அப்புறம் அந்த இடமே என்னுடையதாக இல்லை. ரத்தம் குறைய அதில் அட்ரினலின் கலந்திருப்பதால் நெஞ்சு கொஞ்ச நேரம் படபடத்தது. அதை முன்பே சொல்லிவிட்டதால் பயப்படவில்லை. வெட்டும்போது இழுப்பது மட்டும் தெரிந்தது. உள்ளே தானாகக் கரையும் நூல், வெளியே நைலான், ஏழு தையல். மொத்தம் முப்பத்தைந்து நிமிடம்.

முடிந்ததும் எனக்குக் காட்டச் சொன்னேன். கண்ணாடிக் குப்பியில் ஃபார்மலினுக்குள் கிடந்தது. பாதாம் பருப்பு அளவு, தோல் மேலே, அடியில் மஞ்சளாகக் கொழுப்பு. ஒரு முனையில் கறுப்பு நூலால் சின்ன முடிச்சு. அது மேல்பக்கம் எது என்று லேப் டாக்டருக்குச் சொல்வதற்காம். ஏதாவது மிச்சம் இருந்தால் எந்தப் பக்கம் என்று தெரிய வேண்டும் இல்லையா. குப்பியில் ஒட்டியிருந்த பெயரையும் வயதையும் என்னை வாய்விட்டுப் படிக்கச் சொல்லிச் சரிபார்த்தார் நர்ஸ். இருபத்திரண்டு வருடமாக டிசியில் எழுத்தாக இருந்தது அந்தக் குப்பியில் இருந்தது. கொஞ்சம் அழுகை வந்தது.

தோல் டாக்டருக்கு 1,200, ஆபரேஷனுக்கு 8,500, பயாப்சிக்கு 1,800. தனியார் கிளினிக் என்பதால் இவ்வளவு.

டோம்பிவிலி லோக்கல் | ஜூன் 21, மாலை 7:40

நல்லபடியாக முடிந்ததில் சந்தோஷம். இரண்டு வாரத்துக்கு லோக்கலில் மேல் கம்பியைப் பிடிக்காதீர்கள். கை மேலே போனால் முதுகுத் தையல் இழுக்கும். பையை முன்பக்கம் மாட்டுங்கள். மழைக்காலம் வேறு, நனைந்த துணியோடு கட்டு ஊறவிடாதீர்கள். கட்டு நனைந்துவிட்டால் வீட்டிலேயே பிரிக்காமல் கிளினிக்குக்கு ஓடுங்கள்.

தொண்ணூறடிச் சாலை | ஜூன் 22, காலை 6:15

அக்கா, ரிப்போர்ட் வரும் வரை இணையத்தில் தேடாதீர்கள். அப்பா விஷயத்தில் நான் தேடித் தேடித்தான் உடைந்துபோனேன். பேச வேண்டும் போல இருந்தால் இங்கே எழுதுங்கள், நான் ராத்திரி விழித்திருப்பேன்.

செம்பூர்வாசி | ஜூன் 28, பகல் 3:30

ரிப்போர்ட் வந்துவிட்டது. காம்பௌண்ட் நீவஸ், அதாவது சாதாரண மச்சத்தில் ஒரு வகை, வால் பகுதியில் செல்களில் லேசான மாறுதல், புற்று இல்லை, சுற்று விளிம்பும் ஆழமும் சுத்தம். மறுபடி வெட்டத் தேவையில்லை. ஆறு மாதம் கழித்து உடம்பு முழுக்க ஒருமுறை காட்ட வேண்டும். டோம்பிவிலி தம்பி சொன்னதை நினைத்து, மெழுகில் பதித்த கட்டியையும் சில்லுகளையும் லேபிலேயே வைத்திருப்பார்களா என்று கேட்டேன். வைத்திருப்பார்கள், வேண்டுமானால் எழுதிக்கொடுத்துவிட்டு வாங்கிக்கொள்ளலாம் என்றார்கள்.

முதலில் மாமியாருக்குத்தான் போன் செய்தேன். டாக்டர் அம்மா இங்கே எழுதியிருந்ததையும் வாசித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் மெதுவாக, "அப்போ எனக்கு வலது கால் கட்டை விரல் நகத்துல கறுப்பா ஒரு கோடு இருக்கே, அது?" என்றார். எத்தனை நாளாக என்றேன். இரண்டு வருடமாம். முதலில் நூல் மாதிரி இருந்தது, இப்போது கொஞ்சம் பட்டையாகிவிட்டதாம். மற்ற விரல்களில் இல்லையாம். உரல் விழுந்த காயம் என்று நினைத்து யாரிடமும் சொல்லவில்லை. வீடியோவில் காட்டச் சொன்னேன், ஒன்றும் சரியாகத் தெரியவில்லை. வியாழக்கிழமை கொழுந்தனார் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறார்.

வெள்ளைக்கோட்டு | ஜூன் 28, மாலை 5:05

ரொம்ப சந்தோஷம் சகோதரி. அம்மாவிடம் சொல்லுங்கள், அடிபட்ட ரத்தக்கட்டாக இருந்தால் நகம் வளர வளர முன்னால் நகர்ந்து போய்விடும். கால் பெருவிரல் நகம் முழுசாக மாற ஒரு வருடம், ஒன்றரை வருடம் ஆகும். இரண்டு வருடமாக அதே இடத்தில் இருக்கிறது என்பதை அங்கே தெளிவாகச் சொல்ல வேண்டும். வியாழன் வரை மருதாணி வைக்க வேண்டாம், நகச்சாயம் இருந்தால் அழித்துவிட வேண்டும், அந்த நகத்தை வெட்டவும் வேண்டாம். கை கால் இருபது விரலையும் காட்டச் சொல்லுங்கள். கொழுந்தனாரிடம் சொல்லி, ஜன்னல் வெளிச்சத்தில் பக்கத்தில் ஒரு நாணயம் வைத்து இன்றைக்கே ஒரு படம் எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.

செம்பூர்வாசி | ஜூன் 28, இரவு 8:50

எடுத்துவிட்டார்கள். வியாழன் ராத்திரி இங்கேயே எழுதுகிறேன்.